கோபாட் அருகே ஆள் நடமாட்டம்: எல்லையைச் சுருக்காமல் உற்பத்தியைக் காப்பது எப்படி?

வணக்கம். சிஎன்சி லேத்தில் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) பீஸ் ஏற்றி இறக்க கோபாட் (ஆட்களுக்குப் பக்கத்திலேயே வேலை செய்யும் ரோபோ கை) வைத்திருக்கும் மெஷின் ஷாப் மேலாளர்களிடம் ஒரு உதவி.

கோபாட்டைச் சுற்றி வேலி கிடையாது, ஆள் வருவதைக் கண்டறியும் லேசர் ஸ்கேனர்தான். வெளி எல்லையில் ஆள் வந்தால் வேகம் குறையும், உள் எல்லையில் நின்றுவிடும். சிப்ஸ் (உலோகச் சீவல்) அள்ளவும் அளவு பார்க்கவும் ஆபரேட்டர் உள்ளே போகும்போதெல்லாம் சைக்கிள் தடைபடுகிறது. எல்லையைச் சுருக்கலாம் என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. கோபாட் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ டிஎஸ் 15066 ஆவணம் கை, விரல் நசுங்கும் விசைக்கு 140 நியூட்டன், முகத்துக்கு 65 நியூட்டன் என்று வரம்பு வைக்கிறது. ஆனால் பர் (வெட்டியபின் ஓரத்தில் நிற்கும் உலோகப் பிசிறு) நீக்காத பீஸின் கூர் விளிம்பு அதைவிடக் குறைந்த விசையிலேயே விரலைக் கிழிக்கும். கோபாட்டுக்கு மட்டும் பார்த்த ரிஸ்க் அசெஸ்மென்ட் போதாது; கிரிப்பர் (பீஸைப் பிடிக்கும் கருவி), பீஸ் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அளவு பார்க்கும் கேஜ் மேசையையும் சிப்ஸ் தொட்டியையும் வெளி எல்லைக்கு அப்பால் நகர்த்தியவர்கள் உண்டா? சைக்கிள் டைம் எவ்வளவு மிச்சமானது?

இன்னொன்று, பீஸ் கணக்கில் இன்சென்டிவ் இருக்கும்வரை ஸ்கேனரை ஏமாற்றத்தான் தோன்றும். ஆபரேட்டருக்கு ரீசெட், கிரிப்பர் விரல் மாற்றம், தினசரி சோதனை ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்து, அதற்கேற்ப கிரேடும் சம்பளமும் உயர்த்திய இடங்களில் எந்த முறை நிலைத்தது? செக்லிஸ்ட் இருந்தால் பகிருங்கள்.