பாறைக்கோள்கள் இயல்: டைனமோ ஓடாத கோள்களின் காந்தத்துக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

மாதக் கடைசிக்குள் இந்த இயல் அச்சுக்குப் போயாக வேண்டும். செவ்வாய், வெள்ளி இரண்டின் காந்தத்தையும் எப்படி எழுதுவது என்பதில்தான் இன்னும் நிற்கிறோம். பழைய புலம் பாறையில் விட்டுப்போன காந்தத்துக்கு 'எஞ்சுகாந்தம்', சூரியக்காற்றால் கோளைச் சுற்றி உண்டாகும் காந்தப் போர்வைக்கு 'தூண்டல் காந்தக்கோளம்' என்பது என் முன்மொழிவு. உங்கள் மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> கோளுக்குள் காந்தம் உண்டாகவில்லை, அவ்வளவுதானே? இரண்டுக்கும் 'போலிக்காந்தம்' என்றே வைத்துவிடலாம்.

இதை என்னால் ஏற்கவே முடியாது. செவ்வாயின் கருவத்தில் (நடுப்பகுதியில்) ஒரு காலத்தில் டைனமோ, அதாவது உருகிய இரும்பு புரண்டு காந்தப்புலத்தை உண்டாக்கும் இயக்கம், உண்மையாகவே ஓடியது. நின்றுபோய் ஏறக்குறைய 400 கோடி ஆண்டு ஆகிறது. அது ஓடிய காலத்தில் எரிமலைக் குழம்பு ஆறிப் பாறையானபோது, அதிலிருந்த இரும்புக் கனிமங்கள் கியூரி வெப்பநிலைக்குக் கீழே இறங்கியதும் (இதற்கு மேல் காந்தத்தன்மை நிலைக்காது; மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத்துக்கு இது 580 டிகிரி செல்சியஸ்) அன்றைய புலத்தின் திசையைத் தம்மில் பதித்துக்கொண்டன. 1997-இல் செவ்வாயை அடைந்த மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம், தெற்கே டெர்ரா சிம்மேரியா, டெர்ரா சைரீனம் பகுதிகளில் அந்தப் பதிவை அளந்து காட்டியது. அதே தெற்கில் இருக்கும் ஹெல்லஸ் பெரும்பள்ளத்தின் மேல் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. விண்கல் மோதலில் பாறை சூடேறிப் பழைய காந்தம் அழிந்தது, அப்புறம் மறுபடி பதிய டைனமோ இல்லை என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். இன்சைட் விண்கலம் செவ்வாயில் தரையிறங்கி அளந்தபோது காந்தப்புலம் 2000 நானோடெஸ்லா அளவுக்கு வந்தது, சுற்றுப்பாதையிலிருந்து கணித்ததைப்போல் பத்து மடங்கு. இதையா போலி என்று எழுதி மாணவர் கையில் கொடுப்பது?

வெள்ளியின் கதை வேறு. 1962-இல் அருகே பறந்த மாரினர் 2 விண்கலத்துக்கு அங்கே சொந்தப் புலம் எதுவும் தென்படவில்லை. ஆனால் சூரியக்காற்று (சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்கள்) ஒரு காந்தப்புலத்தைச் சுமந்து வருகிறது. வெள்ளியின் அயனிமண்டலம், அதாவது வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் பெற்ற அடுக்கு, மின்கடத்தி. வரும் புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்ட, அந்த மின்னோட்டமே புலத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. புலக்கோடுகள் முன்பக்கம் குவிந்து, கோளைப் போர்த்தியபடி பின்னால் வாலாக நீள்கின்றன. சூரியக்காற்று இல்லையென்றால் இதுவும் இல்லை.

இவை இரண்டும் சேர்ந்தே செவ்வாயில் இருக்கின்றன. இயலிலேயே ஒரு வாக்கியம் இருக்கிறது: "செவ்வாயின் எஞ்சுகாந்தம் சில இடங்களில் அதன் தூண்டல் காந்தக்கோளத்தின் எல்லையை மேலே தள்ளுகிறது." ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இதை எழுதிப் பாருங்கள்.

> 'தூண்டுகாந்தக்கோளம்'. வினைத்தொகை. இதைவிடச் செறிவு ஏது?

செறிவு சரிதான். ஆனால் கொல்களிறு என்றால் களிறு கொல்கிறது, குடிநீர் என்றால் நீர் குடிக்கப்படுகிறது. செய்வதா, செய்யப்படுவதா என்பதை வழக்குதான் நமக்குச் சொல்லித் தருகிறது. நேற்றுப் பிறந்த சொல்லுக்கு வழக்கு எங்கே? இந்தக் கோளம் எதையோ தூண்டுகிறது என்று படிப்பார்கள், பொருள் தலைகீழாகிவிடும். மின்காந்தத் தூண்டல் பள்ளியிலேயே பழகிய சொல், 'தூண்டல் காந்தக்கோளம்' போதும். எஞ்சு செயப்படுபொருள் குன்றிய வினை என்பதால் 'எஞ்சுகாந்த'த்துக்கு இந்தச் சிக்கல் வராது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, வரைவில் 'எஞ்சுக்காந்தம்' என்று இருப்பதைத் திருத்திவிடுங்கள். 'எச்சக்காந்தம்' எனக்கும் பிடித்ததுதான், ஆனால் எச்சம் என்றதும் பெயரெச்சமும் பறவை எச்சமும் முன்னால் வந்து நிற்கின்றன.

> காந்தம் வடசொல் என்று யார் சொன்னது? காந்துதல் நம் வினை. இரும்பைப் பசாசம் என்கிறது சிவஞானபோதம். கருவத்தைப் 'பசாசக் கருவம்' என்றே எழுதலாமே.

ஐயா, காந்துதல் எரிவதைச் சொல்லும், ஈர்ப்பதைச் சொல்லாது. ஐந்தாம் நூற்பாவில் காந்தத்தின் முன் பசாசம் இயங்குவதைச் சொல்லும் இடம் எனக்கும் உயிர். ஆனால் பசாசம் என்றால் இன்றைய மாணவர் பேய் என்றுதான் படிப்பார். இரும்புக் கருவம் இரும்புக் கருவமாகவே இருக்கட்டும்.

----

வகுப்பெடுப்பவள் என்ற முறையில் எஞ்சுகாந்தம், தூண்டல் காந்தக்கோளம் இரண்டுக்கும் என் ஒப்புதல். டைனமோவை 'மின்னியற்றி' ஆக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மின்னியற்றி என்றால் பிள்ளைகள் கம்பிச்சுருள் உள்ள இயந்திரத்தை நினைப்பார்கள். கருவத்தில் இருப்பது வெப்பச்சலனத்தால் புரளும் உருகிய இரும்பு. இந்த வேறுபாட்டை விளக்கவே எனக்கு ஒரு பாடவேளை போய்விடும்.

----

பெரும்பான்மை அப்படியென்றால் அப்படியே அச்சுக்கு அனுப்புங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் 'கோளம்' எனக்கு ஒப்பவில்லை. சூரியன் பக்கம் நசுங்கி, மறுபக்கம் வாலாக நீண்டு கிடப்பதை எந்தக் கணக்கில் கோளம் என்கிறோம்? அயனிமண்டலம் என்று அடுத்த பத்தியிலேயே எழுதுகிறோமே! இதற்கு மட்டும் மண்டலம் ஏன் ஆகாது? சொல்லடைவிலாவது 'தூண்டல் காந்தமண்டலம்' என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.