வீடு கட்டும் முன் சாயில் டெஸ்ட் (மண் பரிசோதனை) எடுத்த அன்று உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கொருக்குப்பேட்டை தம்பி
அப்பா வாங்கிப் போட்ட அரை கிரவுண்டு. "அஞ்சடி கடைக்கால் போதும் தம்பி, இங்க எல்லாரும் அப்படித்தான்" என்றார் மேஸ்திரி. இன்ஜினியர் ஒத்துக்கொள்ளவில்லை. மண்ணைச் சோதிக்க முக்காலி நட்டு போர் (துளை) இறக்கினார்கள். ராடின் நுனியில் உள்ள குழாய் மண்ணில் இறங்க சுத்தியலால் எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள்; அடி குறைந்தால் மண் இளக்கம். மூன்றாவது மீட்டரில் சுத்தியலை ராடு மேல் வைத்ததுமே, ஒரு அடிகூட அடிக்காமல் அதுபாட்டுக்கு ஒரு சாண் இறங்கிவிட்டது. குழாயைப் பிளந்தால் கறுப்புக் களிமண், சாக்கடை வாடை, நடுவில் உடைந்த கிளிஞ்சல். மதில் மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "எங்க வீட்டுக்குக் கீழயும் இதுதானாப்பா?" என்றார். அவர்கள் இரண்டாவது மாடி முடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். நாங்கள் பைல் (ஆழத்தில் கெட்டி மண் வரை இறக்கும் காங்கிரீட் தூண்) போட்டுக் கட்டி நான்கு வருடமாகிறது.

திருவொற்றியூர் வாசி
இதைப் படித்துவிட்டு வடசென்னை முழுக்கச் சேறு என்று நினைத்துவிடாதீர்கள். கடலோரத்தில் எங்களுக்கு மணல்தான், அடி எண்ணிக்கை நன்றாகவே வந்தது. அந்தச் சந்தோஷத்தில் ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டோம். நிலத்தடி நீரில் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் குளோரைடு உப்பு அதிகம் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஏழாவது வருடம் தூண் அடியில் காங்கிரீட் பெயர்ந்து, உள்ளே கம்பி துரு ஏறி அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

வியாசர்பாடி
இரண்டு பேரும் ரிப்போர்ட்டை அப்படியே நம்புகிறீர்கள். நான் இரண்டு வருடம் போர் வேலைக்குப் போனவன். ஒருநாள் மழை வருகிறதென்று நாலரை மீட்டரோடு நிறுத்திவிட்டு, மீதியைப் பக்கத்துக் குழியின் கணக்கைப் பார்த்து எழுதினோம். எழுதியது என் கை. அங்கே இப்போது மூன்று மாடி நிற்கிறது, அந்தப் பக்கம் போனால் சுவரைத்தான் பார்ப்பேன்.

கட்டப்போகிறவர்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். சுத்தியல் 63.5 கிலோ, 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். கை வலித்தால் ஆட்கள் குறைவாகத் தூக்குவார்கள், அப்போது அடி கூடும், மண் கெட்டி என்று பேப்பரில் வரும். ராடில் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மூன்று சாக்பீஸ் கோடு போடச் சொல்லுங்கள். முதல் 15 கணக்கில் சேராது, குழியின் அடி கலைந்திருக்கும். அடுத்த இரண்டுக்கும் விழுந்த அடிகளைக் கூட்டினால்தான் 'N' மதிப்பு, மண் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண். நீங்களும் எண்ணி எழுதுங்கள். தண்ணீர் மட்டத்தை மறுநாள் பாருங்கள், தோண்டிய கையோடு பார்த்தால் தப்பாக வரும்.

கொருக்குப்பேட்டை தம்பி, அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போங்கள். அவர்கள் மூன்றாவது மாடி ஏற்றுவதற்குள் போங்கள்.