கேர்ஃப் என்பதற்குத் தமிழ்: வெள்ளிக்கு முன் ஒரு சொல் வேணும்

கிளிநொச்சி, தச்சு வகுப்பு எடுப்பவர்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுப் பட்டறை வைத்திருப்போருக்கான தச்சுக் கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உளி, சீவுளி, மூலைமட்டம் எல்லாம் சிக்கலில்லை. ஒரு சொல்லில்தான் வாள் இறுகி நிற்கிறது. பலகைக்குள் போகும் வாள் தூளாக்கி எடுத்துக்கொள்ளும் தடிப்பு, அது விட்டுப்போகும் பிளவு. ஆங்கிலத்தில் கேர்ஃப்.

சொல் இல்லாமல் பாடம் ஏறுதில்லை. போன கிழமை ஒரு பெடியனிடம் 2400 மி.மீ. பலகையைக் கொடுத்து, 300 படி எட்டுத் தட்டு வெட்டச் சொன்னேன். ஒவ்வொன்றாக அளந்து வட்டவாளில் வெட்டினான். ஏழும் சரி. எட்டாவது 279. “மிச்சம் 21 எங்க சேர்?” என்று கேட்டான். ஏழு வெட்டு, வெட்டுக்கு 3 மி.மீ. நிலத்தில் கிடந்த தூளைக் காட்டினேன். “அதுக்குப் பேர் என்ன?” என்றான். நான் முழித்தேன்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, இதற்கு ஏன் முழிக்க வேண்டும்? வள்ளுவர் 334ஆம் குறளிலே தந்துவிட்டார்: “நாளென ஒன்றுபோற் காட்டி உயிர்ஈரும் வாளது உணர்வார்ப் பெறின்.” ஒரு நாள் போனால் ஆயுளில் ஒரு கீற்றுத் தூளாகிறது. உம்முடைய 21 மி.மீ. கணக்கேதான். அறுக்கும் வாளுக்கு ஈர்வாள் என்று பேர். மலையாளத்தில் இன்றைக்கும் மரமறுக்கும் ஆலை ஈர்ச்சமில், மரத்தூள் ஈர்ச்சப்பொடி. நாங்கள்தான் தொலைத்துவிட்டோம். ஆகவே ஈர்வாய்.

வேரையும் சொல்லிவிடுகிறேன், அகராதிச் சான்றில்லை, என் ஊகந்தான். ஒன்றை இரண்டாக்குவது ஈர்தல். இரு, ஈர் என்பவை அப்படித்தான் உறவு. ஓலையை இரு பாதியாக்கி நடுவில் நிற்பதால் ஈர்க்கு. மடல் மடலாகப் பிரிந்திருப்பதால் ஈரல். ஈரம்கூட, நிலத்தைப் பிளந்து இறங்குவதால் வந்திருக்கலாம் என்பது என் துணிபு.

முல்லைத்தீவு, வள்ளம் கட்டும் குடும்பத்துப் பிள்ளை:

மாஸ்டர், ஈரத்தோடு நிப்பாட்டினதுக்கு நன்றி. கரும்பலகையில் ஈர்வாய் என்று எழுதினால் எங்கட பிள்ளைகள் பேன் பார்க்கத் தொடங்கிவிடுவினம்.

வன்னியில் மரம் ஈர்கிறதும் இல்லை, அறுக்கிறதும் இல்லை. அரியிறது. மரக்காலைக்குப் போனால் “அரிய எவ்வளவு?” என்றுதான் கேட்பம். அப்பா பலகைக்குக் கோடு கீறும்போது “வாளுக்கு ஒரு நூல் விடு” என்பார். எட்டு நூல் ஒரு அங்குலம். ஒரு நூல் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. வட்டவாள் தின்னுகிற அளவு அச்சொட்டாய் அதுதான். விடாமல் கீறினால் “வாள் தின்னுறதை ஆர் குடுக்கிறது, உன்ர கொப்பனோ?” என்று தன்னையே பேசுவார்.

மன்னார், மொழிபெயர்ப்பாளர்:

கேர்ஃப் என்றே விட்டால் என்ன? “கடிசொல் இல்லைக் காலத்துப் படினே” என்று தொல்காப்பியரே கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். கடையில் வாள்தகடு வாங்கப் போகிறவன் பெட்டியில் பார்க்கப்போவது ஆங்கிலச் சொல்லைத்தான். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார், பெரிய காரியம். ஆனால் உடற்கூற்று நூலுக்கு இட்ட தலைப்பு அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல். நோயாளி எழுந்து ஓடியிருப்பான்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

காலத்துப் படினே என்றால் வழக்கில் வந்து படிந்த சொல்லை ஒதுக்காதே என்று பொருள். நேற்று வந்த பெட்டியில் உள்ளதெல்லாம் படிந்த சொல்லாகாது. ஒட்சிசன் என்று நாங்கள் எழுதுகிறோம், தமிழகத்தில் ஆக்சிஜன். இரண்டும் ஒலிபெயர்ப்புத்தான், என்றாலும் ஒலியைத் தமிழுக்கு வளைத்தோமா இல்லையா? கேர்ஃப் என்பதில் ஆய்தத்தின் கழுத்தை நெரிக்கிறீர்கள்.

கனடா (ஊர் ஒட்டுசுட்டான்), நிலவறைப் பட்டறைக்காரர்:

சண்டைக்கு நடுவில் ஒரு தொழில் விசயம். இந்தத் தடிப்பு தகட்டின் தடிப்பு இல்லை. வாளின் பல்லை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்த்திருப்பார்கள். அதனால் பிளவு தகட்டைவிட அகலம். சாய்வு தேய்ந்த வாளை ஈரமான மரத்தில் விட்டுப் பாருங்கள், பாதியில் கவ்விக்கொள்ளும். யப்பான் இழுவாள் இழுக்கும்போது அரிவதால் தகடு மெல்லிசு. அது எடுப்பது 1 மி.மீ.க்கும் குறைவு. ஆகவே நூல் என்பதைப் பேராக வைக்க முடியாது, வாளுக்கு வாள் மாறும்.

என் தெரிவு வாள்வாய்.

மல்லாவி, விஞ்ஞான ஆசிரியை:

அண்ணா, வாள்வாய் என்றால் வாளின் கூர்விளிம்பு என்றுதான் எவரும் எடுப்பார்கள். அரிவாய் என்று வைக்கலாமென்று நினைத்தேன். வாய்விட்டுச் சொன்னால் “நீ அறிவாய்” ஆகிவிடுகிறது. முல்லைத்தீவுத் தம்பியின் அப்பா ஏற்கெனவே சொல்லித் தந்திருக்கிறாரே. வாள் தின்னுவது வாள்தீனி. பிள்ளை ஒருமுறை கேட்டால் போதும்: கோட்டை வைத்துக்கொள், கழிவுப் பக்கத்தில் வாளுக்குத் தீனி போடு.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வாள்தீனி என்று எழுத இலக்கணம் விடாது. “ணளமுன் டணவும் ஆகும் தநக்கள்” என்பது நன்னூல், ளகரத்தின் பின் வரும் தகரம் டகரமாகும். வாட்டீனி என்றே வரும்.

முல்லைத்தீவு, வள்ளம் கட்டும் குடும்பத்துப் பிள்ளை:

மாஸ்டர், வாட்டீனி என்றால் ஆட்டுக்கு வைக்கிற தீன் என்று அப்பா நினைப்பார்.

கனடா (ஊர் ஒட்டுசுட்டான்), நிலவறைப் பட்டறைக்காரர்:

எனக்கு வேறு குறை. பலகையை வளைக்க அதன் பின்பக்கத்தில் பக்கம் பக்கமாக அரைவாசி ஆழத்துக்கு மேல் வாள்போட்டு, மெல்லிய முகத்தை மட்டும் விடுவோம். அங்கே வாள் தின்றது நட்டமில்லை, வேண்டுமென்றே போட்ட பிளவு. அதைத் தீனி என்றால் பொருந்தாது. இழப்புக்கு ஒரு சொல், தடத்துக்கு ஒரு சொல் வேணும்.

மன்னார், மொழிபெயர்ப்பாளர்:

ஒன்றைக் கேட்டு வந்தவரை இரண்டோடு அனுப்புங்கள். ஈர்தல் என்று மாஸ்டர் சொன்னது இதைத்தானோ.

கிளிநொச்சி, தச்சு வகுப்பு எடுப்பவர்:

வியாழன் இரவு பதினொரு மணி. அச்சகத்தார் இரண்டு தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். வாள்தீனி என்று போடுகிறேன், சந்தி சேர்க்காமல். வளைக்கும் பாடத்தில் மட்டும் அரிதடம். மாஸ்டர் மன்னிக்க வேணும். வகுப்பில் பதினாறு பேரிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன், வாட்டீனிக்கு ஒரு கையும் எழவில்லை. மன்னார் ஐயாவுக்காகப் பின்பக்கச் சொற்பட்டியலில் கேர்ஃப் என்பதும் ஒரு மூலையில் இருக்கும். 279 மி.மீ. தட்டை அந்தப் பெடியன் எறியவில்லை. இறாக்கையின் ஆக மேலே, இரண்டு பக்கமும் கட்டை வைத்துப் பூட்டியிருக்கிறான்.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அச்சைத் தடுக்கவில்லை. என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும். இரண்டாம் பதிப்பு எப்போது?