வல்லூற்றின் தொண்டையில் இறங்கும் கோட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், கோவை:

குழுவினருக்கு வணக்கம். வால்பாறையில் பள்ளி மாணவர்களுக்கு நடக்கவிருக்கும் பறவை ஒளிப்படப் பயிற்சிக்காக நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அது அச்சுக்குப் போயாக வேண்டும். வல்லூறு என்று நாம் சொல்லும் சிக்ராவையும், மலைக்காடுகளில் வாழும் பெஸ்ராவையும் படத்தில் பிரித்தறியும் பகுதியில் ஒரே ஒரு சொல் இரண்டு நாளாக என்னை நகரவிடவில்லை. இரண்டும் ஏறத்தாழப் புறா அளவுள்ளவை. குட்டையான இறக்கையும் நீண்ட வாலும் இரண்டுக்கும் பொது. அலகின் அடியிலிருந்து தொண்டையின் நடுவே நெஞ்சை நோக்கி இறங்கும் கரிய கோடு, பெஸ்ராவில் தடித்துத் தெளிவாக இருக்கும். சிக்ராவிலோ, இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும் அளவுக்கு மெலிந்திருக்கும். ஆங்கில நூல்கள் இதைக் குலார் ஸ்ட்ரைப் என்றும் மீசியல் ஸ்ட்ரைப் என்றும் குறிக்கின்றன. நான் "மிடற்றுக்கோடு" என்று எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது விளங்குமா என்பதே என் கவலை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்:

அன்புடையீர், மிடறு என்ற சொல்லை மீட்டதற்காகவே தங்களைப் பாராட்ட வேண்டும். புறநானூற்றின் கடவுள் வாழ்த்தில் இறைவனின் நஞ்சுண்ட கழுத்து "கறைமிடறு" எனப்படுகிறது. கரிய குறி தாங்கிய கழுத்துக்கு இதைவிடப் பழைய சான்று எதற்கு? தொல்காப்பியப் பிறப்பியலும் எழுத்தொலிக்குரிய காற்று நிலைபெறும் இடங்களுள் மிடற்றை ஒன்றாக வைக்கிறது. வயிறு, வயிற்றுவலி என்று ஆவதுபோல றகரம் இரட்டித்து மிடற்று என நிற்பதில் புணர்ச்சிப் பிழையும் இல்லை.

என் தடையெல்லாம் கோட்டின்மேல்தான். கோடுதல் என்றால் வளைதல். நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் "கோடாமை" என்றது ஒரு பக்கம் சாயாமையை அல்லவா? நேராக இறங்கும் ஒன்றுக்கு வளைவின் பெயரைச் சூட்டுவது முறையாகுமா? வரிப்புலியைப் பெற்ற மொழி இது. "மிடற்றுவரி" என்று இருக்கட்டும்.

ஒளிப்படக்காரர், பொள்ளாச்சி:

ஐயா மன்னிக்க வேண்டும். வரி என்று வைத்தால் களத்தில் அன்றே குழப்பம் தொடங்கிவிடும். இதே பறவைகளின் அடிப்பக்கத்தில் குறுக்காக ஓடும் செம்பழுப்புப் பட்டைகளையும் வாலின் பட்டைகளையும் நாங்கள் வரி என்றுதான் சொல்கிறோம். பெஸ்ராவுக்கு மேல்நெஞ்சின் நடுவில் நெடுக்குக் கீற்றுகளும், அதற்குக் கீழே குறுக்கு வரிகளும் உண்டு. வரி என்றால் குறுக்கு, கோடு என்றால் நெடுக்கு என்று பிரித்து வைத்தால்தான் ஒரு பையன் படத்தைப் பார்த்துப் பேச முடியும். எங்களுக்குள் நாங்கள் சொல்வது "தொண்டை நாமம்". நெற்றியில் வெள்ளை உள்ள நீர்ப்பறவையை நாமக்கோழி என்று ஊரே அழைக்கும்போது இதில் என்ன தவறு?

கையேட்டில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் அலகின் நிழல் தொண்டையில் விழுந்து, சிக்ராவுக்கும் தடித்த கோடு இருப்பதுபோலக் காட்டும். வெளிறிய வானத்தின் பின்னணியில் ஒளியை மிகுதியாகக் கூட்டி எடுத்தாலோ உள்ள மெல்லிய கோடும் வெளுத்துப் போகும். ஆகவே பறவை நேரே பார்க்கும்போது ஒன்று, வால் விரியும்போது ஒன்று, பறக்கும்போது அடியிலிருந்து ஒன்று என்று எடுத்துவைத்துக்கொண்டு, பிறகு முடிவு சொல்லுங்கள். இளம் சிக்ராவின் கோடு முதிர்ந்ததைவிடத் தெளிவாக இருப்பதால் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். இறக்கை நுனியில் விரல்போல் பிரியும் இறகுகளை எண்ணினாலும் இங்கே பயனில்லை, இரண்டுக்கும் ஐந்துதான். ஆறு இருந்தால் குளிர்காலத்தில் வரும் ஐரோப்பிய ஸ்பேரோஹாக்கை நினைக்கலாம். கொண்டையுள்ள கோஸ்ஹாக்குக்கும் தொண்டையில் தடித்த கோடு உண்டு என்பதால், கோட்டை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

ஆய்வு மாணவி, கண்டி:

வணக்கம். இலங்கையிலும் பெஸ்ரா வாழ்கிறது. ஆகவே சொல் இரு கரைக்கும் பொருந்த வேண்டும். நாமத்தை நான் ஏற்கவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது சட்டென்று கண்முன் வராது. உங்கள் ஊரிலோ நாமம் போடுவது என்றால் ஏமாற்றுவதாமே! கீற்று என்ற சொல்லை இந்தக் கோட்டுக்கு நீட்டலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். படம் வரைவதையே நாங்கள் படம் கீறுவது என்போம் ஆகையால் எங்களுக்கு அது இயல்பாக இருக்கும். ஆனால் உங்களுக்குத் தென்னங்கீற்று நினைவுக்கு வரும். மிடறோ இன்று "ஒரு மிடறு தண்ணீர்" என்ற அளவில்தான் புழக்கத்தில் நிற்கிறது. "தொண்டைக்கோடு" என்றால் யாரும் அகராதியைத் தேட வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்:

நாமம் வடசொல் என்பதால் அதை நானும் விலக்குகிறேன். போடுவது, ஏமாற்றுவது பற்றியெல்லாம் பேச இது இடமில்லை. தொண்டை என்றதும் மக்களுக்கு நினைவுக்கு வருவது தொண்டை வலி, அதாவது உள்ளே இருப்பது. மிடறும் உள்ளே இருப்பதுதான் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். ஆனால் கறைமிடறு வெளியே தெரிந்ததால்தானே புலவர் பாடினார்?

மொழிபெயர்ப்பாளர், கோவை:

கோட்டைப் பற்றி ஐயாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். பெஸ்ராவின் அறிவியற்பெயரில் இனத்தைக் குறிக்கும் பகுதி நெடுங்காலம் விர்காட்டஸ் என்று இருந்தது. கோடுகள் உடையது என்பது அதன் பொருள். அதன் வேர்ச்சொல்லான விர்கா இலத்தீனில் மெல்லிய கிளையைக் குறிக்கும். கோட்டுப்பூ என்னும்போது கோடு நமக்கும் மரக்கிளைதானே? இரு மொழிகளும் கிளையைக் காட்டும் சொல்லாலேயே கோட்டையும் குறித்திருக்கின்றன. வளைவைக் காட்டி இந்தச் சொல்லை ஒதுக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பைரி வகைகளின் கண்ணுக்குக் கீழே இறங்கும் கருமையை மீசைக்கோடு என்று இதே கையேட்டில் எழுதியிருப்பதால், இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்களாகவும் நிற்கும்.

நாளை வியாழன். மறுமொழிகளை எண்ணிப் பார்த்தேன்: தொண்டைக்கோட்டுக்கு மூவர், மிடற்றுக்கோட்டுக்கு என்னையும் சேர்த்து இருவர், மற்றவற்றுக்கு ஒவ்வொருவர். தொண்டைக்கோடு என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். படத்தின் கீழே சிறிய எழுத்தில் மிடற்றுக்கோடு என்றும் இருக்கும். என் ஆசைக்கு அவ்வளவுதான் இடம்.

ஒளிப்படக்காரர், பொள்ளாச்சி:

சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் நான் வாயால் சொல்லப்போவது நாமம்தான், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்:

கிளைப் பொருளை மறுக்கவில்லை. ஆனால் கிளையும் வளைந்துதான் இருக்கும். கையேட்டில் ஒரு படியை எனக்கு அனுப்பிவையுங்கள். அதில் மிடற்றுவரி என்று மையால் திருத்தி வைத்துக்கொள்கிறேன்.