பேக்கப் இருந்தது சரி, திரும்பப் போட்டபோது என்ன நடந்தது? (அனுபவப் பகிர்வு)

பேக்கப் எப்படி எடுப்பது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதை வைத்து ரீஸ்டோர் செய்ய உட்கார்ந்தபோது நேர்ந்ததை இங்கே எழுதுங்கள். முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

மதுரையில் பெரியப்பா வீட்டு டெஸ்க்டாப். 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10, சி டிரைவ் சின்னது, மீதி முழுக்க டி டிரைவ், அதில் கல்யாண ஆல்பங்களும் பெரியப்பா வருஷக்கணக்காக உட்கார்ந்து தட்டச்சு செய்துவந்த ஊர் வரலாறும். டிஸ்க் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே குளோன்ஸில்லா என்ற டிஸ்க் நகல் மென்பொருளில் முழு டிஸ்க்கையும் இமேஜாக, அதாவது அப்படியே ஒரு நகல் கோப்பாக, எடுத்து எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் வைத்திருந்தோம். பிறகு ஒரு மழைக்காலத்தில் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் மஞ்சள் எச்சரிக்கை வந்தது, படிக்க முடியாத செக்டர்கள் சேர ஆரம்பித்திருந்தன. இமேஜுக்குப் பின் மாறிய கோப்புகளை மட்டும் உடனே தனியாக நகலெடுத்துக்கொண்டோம், அது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் அப்புறம் கொஞ்ச நாளிலேயே டிஸ்க் டக் டக் என்று அடித்துக்கொண்டு பயாஸிலேயே தெரியாமல் போய்விட்டது.

புதிதாக 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கினோம். உள்ளே இருந்த தரவு மொத்தம் 200 ஜிபிகூட வராது, தாராளமாகக் கொள்ளும். ஆனால் போட வேண்டிய டிஸ்க் சிறியது என்று சொல்லி குளோன்ஸில்லா நின்றுவிட்டது. தரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பார்ட்டிஷன் அட்டவணை (சி, டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பு) பழைய 1 டிபி அளவிலேயே இமேஜில் பதிவாகியிருக்கும், டி டிரைவின் கடைசி எல்லை எஸ்எஸ்டியைத் தாண்டி எங்கேயோ இருக்கிறது. விண்டோஸின் சொந்த சிஸ்டம் இமேஜும் இந்த விஷயத்தில் இப்படித்தான்.

வழி என்னவென்றால், ஒரு நண்பரிடம் சும்மா கிடந்த 1 டிபி டிஸ்க்கை வாங்கி அதில் முதலில் ரீஸ்டோர் செய்து, ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் மாற்றும் மென்பொருளில் டி டிரைவைச் சுருக்கினோம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள், 480 என்று கணக்குப் போட்டுச் சுருக்கினால் கொள்ளாது, ஜிபார்ட்டெட் காட்டும் கணக்கில் அந்த எஸ்எஸ்டி 447தான். நாங்கள் 440க்குள் முடியும்படி வைத்தோம். சுருக்கியவுடனே அதை எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்யவும் குளோன்ஸில்லா விடாது, அந்த டிரைவ் சோதனைக்குக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று மறுபடி நிற்கும். ஒருமுறை விண்டோஸுக்குள் போய், செக்டிஸ்க் என்ற டிஸ்க் சோதனை ஓடி முடியும்வரை விட்டு, ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்து முழுசாக அணைக்க வேண்டும். அதற்குப் பிறகு குளோன்ஸில்லாவின் எக்ஸ்பர்ட் மோடில் ஐசிடிஎஸ் (-icds) என்ற தேர்வைப் போட்டால் டிஸ்க் அளவைச் சோதிக்காமல் போகும். இது எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறை டிஸ்க், அதனால் அவ்வளவோடு முடிந்தது. ஜிபிடி என்ற புதிய முறையாக இருந்தால் பார்ட்டிஷன் அட்டவணைக்கு இன்னும் கொஞ்சம் வேலை உண்டு.

முதல் பூட்டின்போது மற்ற டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள், ஒரே அடையாளத்தோடு இரண்டு டிஸ்க் இருந்தால் விண்டோஸ் குழம்பும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை நீல நிற யுஎஸ்பி போர்ட்டில் சொருகுங்கள், முன்பக்கக் கருப்பு போர்ட்டில் இருந்ததை மாற்றியதும் காத்திருக்கும் நேரம் பல மடங்கு குறைந்தது. பெரியப்பா கூடத்து மேஜையில் திறந்து கிடந்த கேபினட்டுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், ஊர் வரலாறு கோப்பைத் திறந்து கடைசிப் பக்கம்வரை உருட்டிப் பார்த்த பிறகுதான் எழுந்தார்.

---

அண்ணா, எங்கள் வீட்டில் டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகவில்லை, மதர்போர்டுதான் போனது. அக்கா மகளின் லேப்டாப், விண்டோஸ் 11. எஸ்எஸ்டியைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டு என் கணினியில் சொருகினேன், டிரைவ் பூட்டுப் படத்தோடு வந்து 48 இலக்க ரெகவரி கீ கேட்டது. வீட்டில் யாரும் பிட்லாக்கரை, அதாவது டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியை, ஆன் செய்ததே இல்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பாக இருந்தாலும் இந்தப் பூட்டு (என்கிரிப்ஷன்) தானாகவே தொடங்கிவிடுகிறது. இதை வாங்கும்போதே பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டாமா என்று எனக்கு இன்னும் கோபம்தான்.

கீ அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், ஆனால் எந்தக் கணக்கு? அவளுடைய ஜிமெயிலில் தேடினோம், இல்லை. லேப்டாப் வாங்கிய அன்று அவசரத்தில் வேறொரு மின்னஞ்சலில் கணக்கு தொடங்கியது அவளுக்கு ராத்திரிதான் நினைவுக்கு வந்தது. திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்து, அவள் ஃபோனில் ஆறு ஆறு எண்ணாகச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எட்டாவது தொகுதி முடிந்ததும் டிரைவ் திறந்தது, புராஜெக்ட் முழுசாக இருந்தது. அன்றைக்கே எங்கள் வீட்டு லேப்டாப் எல்லாவற்றின் கீயையும் பிரின்ட் எடுத்து ரேஷன் கார்டு இருக்கும் ஃபைலில் வைத்துவிட்டேன்.

---

நான் ஈரோட்டில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை செய்கிறேன். எங்களுக்கு வந்தது ரான்சம்வேர், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். சி, டி இரண்டும் போனதோடு, எப்போதும் சொருகியே இருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் ஒரு கோப்பு மிச்சமில்லை, எல்லாக் கோப்புப் பெயர்களின் வாலிலும் புது எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பீரோவில் இருந்த இன்னொரு டிஸ்க்தான் காப்பாற்றியது. அதை அந்தக் கணினியில் உடனே சொருகவில்லை. வேறு கணினியில் விண்டோஸ் பென்டிரைவ் தயாரித்து, பழைய பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்து நிறுவிய பிறகுதான் டேலி என்ற கணக்கு மென்பொருளின் தரவை எடுத்துப் போட்டோம். சில வாரத்து பில்கள் அதில் இல்லை, அவற்றைக் காகிதத்தைப் பார்த்துத் திரும்ப ஏற்றினேன்.

மேலே எழுதிய அண்ணாவிடம் ஒரு கேள்வி: எங்கள் கணினியிலும் 1 டிபி டிஸ்க்தான், எஸ்எஸ்டிக்கு மாற வேண்டும். இமேஜ் எடுப்பதற்கு முன்பே டி டிரைவைச் சுருக்கி வைத்துவிட்டால் அந்த இரவல் டிஸ்க் வேலை மிச்சமாகுமா?