புதுப்பிப்பு: அந்தப் படம் ஓசி இல்லையாம்

'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946) படத்தின் காப்புரிமையை 1974-இல் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள், அதனால் அமெரிக்காவில் எந்த டிவியும் காசு கொடுக்காமல் போடலாம் என்று போன வாரம் எழுதியிருந்தேன். "அப்புறம் 1994-இல் அது என்பிசி என்ற அமெரிக்க டிவி நிறுவனத்தின் கைக்கு மட்டும் எப்படிப் போனது?" என்று ஒருவர் கேட்டார். தேடிப் பார்த்தால், நான் சொன்னது பாதிதான் சரி.

உரிமை போனது படத்துக்கு. அதன் மூலக்கதைக்குப் போகவில்லை. ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் எழுதிய அந்தச் சிறுகதையை யாரும் வாங்காததால், 1943-இல் தானே 200 பிரதி அச்சடித்து கிறிஸ்துமஸ் வாழ்த்தாக அனுப்பினார். அந்த வாழ்த்து மடல்தான் கடைசியில் படத்தைப் பிடித்து நிறுத்தியது!

'ரியர் விண்டோ' என்ற இன்னொரு படத்தின் வழக்கில் 1990-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மூலக்கதை உரிமையாளர் பக்கம் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு ரிபப்ளிக் பிக்சர்ஸ் என்ற பட நிறுவனம், தன்னிடமிருந்த கதையுரிமையையும் இசையுரிமையையும் காட்டி 1993-இல் டிவி நிலையங்களைத் தடுத்தது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. வெளியானபோது வசூலில் சுமாரான படம் இது. இத்தனை பேர் மனதில் உட்கார்ந்ததே அந்த ஓசி வருடங்களில்தான். சரி, பழைய பதிவில் 'இலவசம்' என்ற சொல்லை அடித்துவிட்டேன்.