மேல் மாடிக்கு 'எனர்ஜி ரேட்டிங்' கேட்கிறார்கள், இங்கே அப்படிச் சட்டம் இருக்கிறதா?

பாளை வீட்டுக்காரர்:
பெருமாள்புரத்தில் கீழே நாங்கள் இருக்கிறோம், மேல் போர்ஷனை வாடகைக்கு விடுகிறோம். வீடு பார்க்க வந்த ஒரு தம்பி ரேட்டிங் இருக்கிறதா என்று கேட்டார், இங்கிலாந்தில் அது இல்லாமல் வாடகைக்கே விட முடியாதாம். ஏசிக்கு ஸ்டார் தெரியும், வீட்டுக்குமா? சித்திரை வந்தால் மேலே இருப்பவர்கள் வெக்கையில் படும் பாட்டைப் பார்க்கிறேன், அதனால் செலவு செய்யத் தயார். எதில் செய்வது?

லெஸ்டர் தென்காசிக்காரன்:
அண்ணாச்சி, இங்கே இங்கிலாந்தில் அது உண்மைதான். வீடு எவ்வளவு எனர்ஜி இழுக்கும் என்று பார்த்து ஏ (சிறந்தது) முதல் ஜி (மோசம்) வரை தரம் போட்டு இபிசி என்று சான்றிதழ் தருவார்கள், 10 வருஷம் செல்லும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2018 ஏப்ரலிலிருந்து புது வாடகைக்கும், 2020 ஏப்ரலிலிருந்து ஏற்கெனவே ஆள் இருக்கிற வீட்டுக்கும் குறைந்தது இ தரம் வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்காரர் 3,500 பவுண்டு வரை கையிலிருந்து போட்டுச் சரிசெய்ய வேண்டும், அப்படியும் தேறாவிட்டால் விலக்குப் பதிவு செய்யலாம். மீறினால் 5,000 பவுண்டு வரை அபராதம். ஆனால் இங்கே எதிரி குளிர், ஹீட்டர் சூடு வெளியே போகாமல் பரணையும் சுவரையும் அடைக்கிறார்கள். பாளைக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

நெல்லை இன்ஜினியர்:
இந்தியாவில் வாடகைக்கு விட ரேட்டிங் கட்டாயமில்லை. ஏசிக்கு ஸ்டார் கொடுக்கும் அதே மத்திய அரசு அமைப்பான பிஇஇ வீடுகளுக்கும் 5 ஸ்டார் வரை லேபிள் வைத்திருக்கிறது, விருப்பமிருந்தால் வாங்கலாம். 2018ல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா, 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில், அதாவது சுமார் 12 சென்ட்டில், புதிதாகக் கட்டுவதற்கான விதி. உங்கள் வீட்டை அது தொடாது. ஆனால் மொட்டை மாடி வழியாக எவ்வளவு சூடு உள்ளே இறங்கலாம் என்று அதில் தனியாக ஒரு வரம்பு இருக்கிறது, நம் ஊருக்கு அதுதான் முக்கியம். காங்கிரீட் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி கீழே விடும், அதனால்தான் பத்து மணிக்கும் ஃபேன் காற்று அனலாக இறங்குகிறது. தட்டோடு விரிசல் விட்டிருந்தால் முதலில் அதை அடையுங்கள், அப்புறம் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடியுங்கள். வெள்ளை ஓடு பதித்தால் செலவு கூடும், ஆனால் ரொம்ப நாள் நிற்கும். தூசி படிந்தால் பலன் குறையும், அவ்வப்போது கழுவிவிட வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு சன்ஷேடு இல்லையென்றால் அதையும் போடுங்கள்.

வண்ணார்பேட்டை வாடகைக்காரி:
கூரை உங்களுடையது, கரண்ட் பில் எங்களுடையது. 11 மாத அக்ரிமெண்டில் இருக்கிற நாங்கள் எந்த தைரியத்தில் உங்கள் மாடிக்குப் பெயிண்ட் அடிப்போம்? இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறி, கீழே இருந்த யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறுகிறது, கோடையில் ஏசி போட்டால் அந்தக் கோட்டில்தான் தடுமாறுகிறோம். ஃபேனையும் மாற்றுங்கள் அண்ணாச்சி. பழைய ஃபேன் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 35க்குள் முடியும், தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே 29 யூனிட் மிச்சம். வீடு காட்டும்போது போன சித்திரை, வைகாசி பில்லையும் காட்டுங்கள். நான் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

பாளை வீட்டுக்காரர்:
நன்றி. ஐப்பசி மழைக்கு முன்னால் தளத்தை முடித்துவிடுகிறேன், ஃபேனும் மாற்றுகிறேன். இதற்காக வாடகையில் 500 ரூபாய் கூட்டிக் கேட்டால் தப்பா?

வண்ணார்பேட்டை வாடகைக்காரி:
தப்பில்லை. ஆனால் ஒரு கோடை போகட்டும், பில் குறைந்ததைக் காட்டிக் கேளுங்கள், தருவார்கள்.